கண்ணுக்குத் தெரியாத படலம்

(கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் மாணவர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே,

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களையும் குறுகிய அலைநீளமுள்ள ஊதாக்கடந்த கதிர்களையும் வளிமண்டலம் நிலத்துக்கு விடுவதில்லை. நமது தோலுக்கு அது நன்மை, வானியலாளருக்கோ இடைஞ்சல்: அவற்றைக் காணக் கருவியையே மேலே ஏற்ற வேண்டும். 1962இல் இயற்பியலாளர் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழுவினர் ரொக்கெட்டில் ஏற்றிய உணரி, வானைப் பார்த்த சில நிமிடங்களுக்குள்ளேயே, ஞாயிற்றுத் தொகுதிக்கு அப்பால் உள்ள முதல் எக்ஸ் கதிர் மூலத்தை விருச்சிகத்தில் கண்டுகொண்டது.

தெளிவான படம் வேண்டுமானால் ஆடி வேண்டும். நேராக விழும் எக்ஸ் கதிரை ஆடி உறிஞ்சிவிடும். ஏறத்தாழ ஒரு பாகைக்கும் குறைந்த கோணத்தில் உரசிச் சென்றால்தான் அது தெறிக்கும். அதனால்தான், நமது வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999இல் மேலேறிய சந்திரா தொலைகாட்டியில், இரிடியம் பூசிய நான்கு சோடி ஆடிகள் குழாய்களைப் போல ஒன்றினுள் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் புவியைச் சூழ்ந்து மின்னேற்றத் துணிக்கைகள் நிறைந்திருக்கும் கதிர்வீச்சு வலயங்களைக் கடக்கையில் குறைந்த சக்தியுள்ள புரோத்தன்களும் அந்த ஆடிகளில் உரசித் தெறித்து உணரியை அடைந்தன. ஏவிய சில வாரங்களிலேயே அந்த உணரியின் சிலிக்கன் சில்லுகள் சில பழுதுபட்டன. அதன் பின்னர், வலயத்தை நெருங்கும்போதெல்லாம் உணரியைக் குவியத்திலிருந்து அகற்றி வைக்கிறார்கள். ஆடியின் திறமையே உணரிக்குப் பகையாகும் என்பதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டி எண்ணவில்லை.

ஊதாக்கடந்த கதிர்க் கருவிக்கு வேறொரு பகை உண்டு. அது புறப்படும்போதே கூடவே ஏறிக்கொள்கிறது. ஏ9 வீதியோரத்துப் புழுதி கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். பசையும் பூச்சும் கம்பி உறைகளும் வெற்றிடத்தில் கசியவிடும் ஆவியோ ஆடியில் சில மூலக்கூறுத் தடிப்பிலேயே படிந்து, ஊதாக்கடந்த கதிரை விழுங்கிவிடும். 2015 செப்டெம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய வானியல் செய்மதியான அஸ்ட்ரோசாட்டின் ஊதாக்கடந்த கதிர்த் தொலைகாட்டியை இதற்காகவே பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டேயின் தூய அறைகளில் பொருத்தினார்கள். மேலே சென்ற பின்னரும், செய்மதியின் ஆவி அடங்கட்டும் என்று, அதன் கதவுகளை ஏறத்தாழ இரண்டு மாதம் திறக்காமல் வைத்திருந்தார்கள். ஏவியவுடன் படம் கேட்கும் பத்திரிகையாளர் முன் அப்படிக் காத்திருப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

விண்கலத்தில் சேர்க்கும் பொருட்களுக்கு வழமையான ஒரு சோதனை உண்டு. மாதிரியை வெற்றிடத்தில் 125 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் வைத்து நிறுப்பார்கள். நிறையிழப்பு 1 சதவீதத்தைத் தாண்டினாலோ, எதிரேயுள்ள குளிர்ந்த தட்டில் படிவது 0.1 சதவீதத்தைத் தாண்டினாலோ, பொதுவாக அப்பொருள் விலக்கப்படும். ஊதாக்கடந்த கதிர்க் கருவிகளுக்கு இவ்வளவும் போதாது. பொருத்தும் அறையில் சிறு சாட்சி ஆடிகளை வைத்து, அவற்றின் தெறிப்புத்திறன் குறைகிறதா என்று அவ்வப்போது அளந்து பார்க்கிறார்கள்.

ஆகவே இத்துறைக்குள் நுழைய நினைக்கும் மாணவர் ஆடி மெருகிடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. ஒரு வெற்றிடப் பம்பி, ஒரு நுண்தராசு, பல வகைப் பசைகள் இருந்தால் முதல் அளவீட்டை எடுத்துவிடலாம்.