பூசாரி கையில்தான் வரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஊழியரை நிறுவனத்தோடு ஒட்டவைப்பது சம்பளமும் சலுகையுமா, மேலாளர்மீது உள்ள நம்பிக்கையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "சம்பளம் ஒழுங்காக வந்தால் மேலாளர் யாராக இருந்தால் என்ன?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் கைதட்டினேன். மாதச் சம்பளம் எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஒட்டுவதில் வகை இருக்கிறது ஐயா. மேயர், ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்துப்போய் இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, போவது முறையல்ல என்று இருப்பது. சம்பளம் வாங்கித் தருவது பெரும்பாலும் அந்த நடு வகையைத்தான். ஆள் நாற்காலியில் இருப்பார். மனசு வேலைவாய்ப்பு விளம்பரத்தில் இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பதவி உயர்வுக்காகக் காத்திருந்த வருடம். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்காக மேலிடத்தில் சண்டையே போட்டேன்பா, ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். தோளில் கை வேறு போட்டார். ஆறு மாதம் அந்த நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு நாள், மனிதவளத் துறையில் இருந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்கள் பெயரே பட்டியலில் வரவில்லையே!"

சாமி வரம் கொடுக்கத் தயார்தான், பூசாரி கேட்கவே இல்லை. உண்மை தெரிந்த பிறகாவது நிறுவனத்தின்மேல் இருந்த கோபம் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. இப்படிப்பட்டவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார் என்று இன்னும் கூடியது. ஊழியர்கள் நிறுவனத்தை ஒரு மனிதரைப் போலப் பாவிக்கிறார்கள் என்று ஐசன்பெர்கரும் சக ஆய்வாளர்களும் 1986இலேயே எழுதினார்கள். அந்த மனிதருக்கு முகம் வேண்டாமா? நாம் தினமும் பார்க்கிற முகம் மேலாளருடையதுதான்.

இன்னொரு மேலாளர். வாடிக்கையாளருக்குப் பழைய விலைப்பட்டியலை அனுப்பிவிட்டேன். அவர்கள் போனில் கொதிக்கிறார்கள், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறது, எனக்குக் கை நடுங்குகிறது. மேலாளர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியது நான், விட்டுவிட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்புறம் விழுந்தது பாருங்கள், இன்றைக்கும் காதில் இருக்கிறது! ஆனால் அடுத்த தடவை தப்பு செய்தபோது, யாரும் கண்டுபிடிக்கும் முன் நானே போய் அவரிடம் சொன்னேன். அந்தத் தப்பு வாடிக்கையாளர்வரை போகவே இல்லை. இதற்கு எந்தச் சம்பளப் பட்டியலில் தொகை போட்டிருக்கிறார்கள்?

நம்பிக்கை என்றதும் சிரித்துப் பேசி, கேட்டபோதெல்லாம் லீவு தருபவரைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை தெரியாத நல்லவரை நம்பி ஒரு குழுவே மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன். மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் 1995இல் சொன்ன மூன்றும் வேண்டும்: திறமை, நம்மேல் அக்கறை, நேர்மை. இந்த மேயர் வேறு, அந்த மேயர் வேறு. நடுவர் குழம்ப வேண்டாம்.

எதிரணி கையில் இருக்கும் ஓர் ஆயுதத்தை நானே எடுத்துத் தருகிறேன். அதுவரை வெளியான ஆய்வுகளை எல்லாம் டர்க்ஸும் ஃபெரினும் 2002இல் சேர்த்துப் பார்த்தார்கள். நேரடி மேலாளர்மீது உள்ள நம்பிக்கையைவிட, உயர்மட்டத் தலைமைமீது உள்ள நம்பிக்கைதான் நிறுவனப் பற்றோடு கூடுதலாக ஒட்டியிருந்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவும் நம்பிக்கைதானே ஐயா? உயர்மட்டத்தில் இருப்பவரும் மேலாளர்தான், நாற்காலிதான் கொஞ்சம் பெரிது.

மணி அடித்துவிட்டார்கள். நடுவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணித் தலைவர் பேசும்போது, கைநிறையச் சம்பளம் தந்த ஓர் இடத்தை உதறிவிட்டு வந்ததைப் பெருமையாகச் சொன்னார். ஏன் உதறினீர்கள் என்று தீர்ப்புக்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.