களிமண் பலகையும் மர வளையமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கி.மு. 136ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி காலையில், இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோன் நகரத்தில் சூரியன் முழுவதுமாக மறைந்தது. வானத்தைப் பார்த்துக் குறித்து வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்த நகரத்தில் இருந்தார்கள். அன்று அவர்கள் பார்த்தது களிமண் பலகையில் பதிந்து, இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூரியன் உதித்து எவ்வளவு நேரம் கழித்துக் கிரகணம் தொடங்கியது, எந்தப் பக்கமாக மறைக்க ஆரம்பித்தது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். வெள்ளியும் புதனும் தெரிந்தனவாம். அந்தப் பருவத்தில் கண்ணுக்கே படாத வியாழனும் செவ்வாயும்கூட அந்த இருட்டில் தெரிந்திருக்கின்றன.

பல்கலைக்கழகத்தில் எத்தனை விதமான ஆராய்ச்சிகள் நடக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். துறைகளின் பெயரை வரிசையாக வாசிப்பதைவிட இந்தப் பலகையின் கதையைச் சொன்னால் விஷயம் நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்க பாபிலோனியரின் பழைய மொழியான அக்காடியம் தெரிய வேண்டும், களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாகப் பதித்து எழுதும் ஆப்பெழுத்து தெரிய வேண்டும். உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான் அந்தப் படிப்பைப் படிக்கிறார்கள். ஆபிரகாம் சாக்ஸ் என்ற அறிஞர் பாபிலோனிய வானியல் குறிப்பேடுகளைப் பல ஆண்டுகள் வாசித்துத் தொகுத்து வந்தார். அவர் காலமான பிறகு ஹெர்மன் ஹங்கர் அந்த வேலையை எடுத்து நடத்தி, 1988 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்.

இப்போது கதை வேறு துறைக்குப் போகிறது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானியலாளர் ரிச்சர்ட் ஸ்டீஃபன்சன் இப்படிப்பட்ட பழைய கிரகணக் குறிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். பூமி இன்று சுழலும் அதே வேகத்தில்தான் அன்றும் சுழன்றது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்தக் கிரகணத்தின் முழு நிழல் பாபிலோன் மேல் விழாது. வெகு தூரம் மேற்கே தள்ளி விழும். நேரக் கணக்கில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் வருகிறது. ஆனால் எழுதி வைத்தவர்கள் பாபிலோனில் நின்று பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் மாறியது பூமியின் சுழற்சிதான்.

பாபிலோனியர், சீனர், கிரேக்கர், அரேபியர் என்று பலரும் விட்டுச்சென்ற குறிப்புகளைச் சேர்த்து, 2016இல் ஸ்டீஃபன்சன் குழுவினர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாளின் நீளம் நூறு ஆண்டுக்குச் சுமார் 1.8 மில்லி விநாடி கூடிக்கொண்டே வருகிறது. நிலவின் இழுப்பால் கடல் ஏறி இறங்கும் ஓதம் பூமியின் சுழற்சியைத் தளர்த்துகிறது; அது மட்டுமே காரணமாக இருந்தால் இது 2.3 மில்லி விநாடியாக இருந்திருக்க வேண்டும். குறைகிற அந்த அரை மில்லி விநாடிக்கு என்ன காரணம்? பனியுகத்தில் பெரும் பனிப்படலங்கள் அழுத்தி வைத்திருந்த நிலம், பனி உருகிய பிறகு இன்னும் மெல்ல மெல்ல மேலெழுந்து வருகிறது. அதனால் பூமியின் வடிவம் சற்று மாறுகிறது, சுழற்சியின் வேகத் தளர்ச்சி கொஞ்சம் ஈடாகிறது. இது முக்கியமான ஒரு காரணம் என்று அவர்கள் காட்டுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பனியுகம் முடிந்த பிறகு நிலம் எப்படி நடந்துகொள்கிறது என்பது புவி இயற்பியலின் கேள்வி. அதற்குச் சாட்சி சொல்ல அக்காடிய இலக்கணம் தெரிந்தவர் வேண்டியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் நமக்குத் தேவைப்படும் அன்றைக்குத் திடீரென்று கிடைத்துவிட மாட்டார். சிக்காகோ பல்கலைக்கழகம் 1921இல் அந்த மொழிக்கு ஒரு பேரகராதியைத் தொடங்கியது. 21 தொகுதிகள். முடிந்தது 2011இல். தொண்ணூறு ஆண்டுகள்! தொடங்கி வைத்தவர்களில் ஒருவர்கூட முடிவைப் பார்க்கவில்லை. இடையில் ஒரு உலகப் போரும் எத்தனையோ நிதி நெருக்கடிகளும் வந்து போயின. சொற்களைச் சீட்டில் எழுதிச் சேர்க்கும் வேலை தலைமுறை தாண்டி நடந்தது. அதே பல்கலைக்கழக வளாகத்தில்தான் 1942 டிசம்பர் 2ஆம் தேதி என்ரிகோ ஃபெர்மியின் குழு, தொடர்ந்து நடக்கும் அணுக்கருப் பிளவு வினையை முதன்முதலாக நிகழ்த்திக் காட்டியது.

அதே இடத்தில் சில ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. வில்லர்டு லிபி என்ற வேதியியலாளர், மரமோ எலும்போ எவ்வளவு பழையது என்பதை அதில் மிஞ்சியிருக்கும் கார்பன் 14 என்ற, காலப்போக்கில் சீராகச் சிதைந்து குறையும் கார்பன் வகையை வைத்துச் சொல்லிவிடலாம் என்றார். 1960இல் இதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால் முறை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? வயது ஏற்கெனவே தெரிந்த பொருள் வேண்டுமே. எகிப்தியக் கல்லறைகளிலிருந்து எடுத்த மரத்துண்டுகளை அவர் சோதித்தார். அந்த மன்னர்களின் காலத்தைக் கணித்து வைத்திருந்தவர்கள் கல்வெட்டும் அரசர் பட்டியலும் படித்த வரலாற்று அறிஞர்கள். அணுவின் கடிகாரத்துக்கு முதலில் நற்சான்று கொடுத்தது வரலாற்றுத் துறை.

இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்கும் துறைகள், வேலை செய்யும் விதத்தில் மட்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கணிதத்தில் நிரூபணம் இருந்தால்தான் பேச்சு. ஆயிரம் உதாரணம் சரியாக வந்தாலும் போதாது. மானிடவியலாளர் ஒரு சமூகத்தோடு ஒரு வருடமாவது தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அதற்குப் பிறகுதான் எழுத உட்காருவார். 2015இல் ஹிக்ஸ் துகள் என்ற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 பேர் ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்! ஒரு வரலாற்று நூலோ ஒரே ஒருவர் பத்து ஆண்டு உழைத்து எழுதியதாக இருக்கும்.

இந்த இருவரையும் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற ஒரே அளவுகோலால் அளப்பது அநியாயம் என்று உறுதியாக நினைக்கிறேன். அளப்பதே தவறு என்று சொல்லவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் வேலைக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எது நல்ல வேலை என்பதை அந்தந்தத் துறையின் வேகத்தையும் சான்று முறையையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். மூன்று ஆண்டுத் திட்டங்களுக்கு மட்டுமே பணம் என்று 1921இல் சொல்லியிருந்தால் அந்த அகராதி முதல் எழுத்தைத் தாண்டியிருக்காது.

சமூக அறிவியலை விட்டுவிட முடியாது. பொதுவான மேய்ச்சல் நிலமும் நீரும் யாருக்கும் சொந்தமில்லாவிட்டால் எல்லாருமாகச் சேர்ந்து அழித்துவிடுவார்கள் என்ற கருத்து 1968 முதல் வெகுவாகப் பரவியிருந்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினர் ஓஸ்ட்ரம், மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். மீனவர்கள், பாசன விவசாயிகள், மலைக் கிராமத்தவர் என்று பல நாட்டு நடைமுறைகளை ஒப்பிட்டு, தாங்களே விதி வகுத்துத் தலைமுறைகளாக வளத்தைக் காத்தவர்கள் உண்டு என்று காட்டினார். அரசியல் அறிவியல் படித்த அவருக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. மேசையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்ததன் பலன் அது.

சரி, மரத்துக்கு வருவோம். அரிசோனா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் என்ற வானியலாளர் இருந்தார். சூரியனின் மேல் தெரியும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது மழையைப் பாதிக்குமா, அந்தத் தடயம் மரத்துக்குள் ஆண்டுக்கு ஒன்றாக வளரும் வளையங்களில் தெரியுமா என்று தேடினார். அவர் தேடிய சூரியன் அவருக்குச் சரியாக அகப்படவில்லை. ஆனால் 1929இல் அந்த வளையங்களைக் கொண்டே தென்மேற்கு அமெரிக்கப் பழங்குடிகளின் பாழடைந்த குடியிருப்புகளுக்கு ஆண்டு சொல்ல முடிந்தது. அப்புறம் லிபியின் கார்பன் கணக்கைத் திருத்தவும் மர வளையம்தான் உதவியது.

2012இல், ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஃபூசா மியாகே, பழைய தேவதாரு மரங்களின் வளையங்களில் 774, 775ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கார்பன் 14 திடீரென்று எகிறியிருப்பதைக் கண்டார். 993ஐ ஒட்டியும் அப்படி ஒன்று பின்னர் கிடைத்தது. சூரியனிலிருந்து வந்த மிகப் பெரிய துகள் வீச்சுதான் காரணம் என்று பெரும்பாலானோர் கருதுகிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் தங்கிய இடத்தில் உலோகக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகள் கிடைத்திருந்தன. அவற்றில் 993இன் வளையத்தை அடையாளம் கண்டு, அங்கிருந்து பட்டை வரை எண்ணிப் பார்த்தார்கள். வெட்டிய ஆண்டு 1021. அவர்களின் பயணத்தைப் பேசும் ஐஸ்லாந்தின் பழங்கதைகளால் ஆண்டைச் சொல்ல முடியாத ஒரு கடற்பயணத்துக்கு 2021இல் ஆண்டு கிடைத்தது.

அதே அளவு வீச்சு இன்றைக்கு வந்தால் செயற்கைக்கோள்களும் மின்கட்டமைப்பும் என்ன ஆகும் என்பது இப்போது பொறியாளர்களுக்கும் கவலை. எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை அது வருகிறது என்று தெரிந்துகொள்ள, இன்னும் பழைய மரங்களைத் தேடி வளையம் வளையமாக அளந்துகொண்டிருக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.