பேருந்தில் ரொட்டி விற்ற ராஜா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டு வகை. அந்த சோல் பாடகர் சாலமன் பர்க் 60 வயதைத் தாண்டியபின், 2002-இல், 'டோன்ட் கிவ் அப் ஆன் மீ' ஆல்பத்தோடு திரும்பி வந்தார். அமெரிக்க இசையுலகின் பெரிய விருதான கிராமியும் வாங்கினார். அந்த வரவேற்பு குரலுக்கா, அனுதாபத்துக்கா? குரலுக்கே என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார்: "பாப் டிலன், டாம் வெயிட்ஸ் மாதிரி பெரிய பாடலாசிரியர்கள் பாட்டு கொடுத்தால் எங்கள் தெருத் தாத்தாவும்தான் கிராமி வாங்குவார்!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தத் தாத்தாவைத் தேடி ஏன் அவர்கள் யாரும் போகவில்லை? வான் மாரிசன், எல்விஸ் காஸ்டெல்லோ, பிரையன் வில்சன், இத்தனை பேர் பாட்டும் இவரிடம்தானே வந்தது? நான்கே நாளில் பதிவு முடிந்தது ஐயா! தயாரிப்பாளர் ஜோ ஹென்றி. ஆர்கன் என்ற விசைப்பலகை வாத்தியம் வாசித்தவர் பர்க்கின் தேவாலயத்துக்காரர். அனுதாபத்துக்கு அவ்வளவு மூச்சு ஏது?

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? ஒரு கதை சொல்கிறேன். 1960-களில் கறுப்பினப் பாடகர்கள் ஒரே பேருந்தில் தென் மாநிலங்களைச் சுற்றுவார்கள். பர்க் மட்டும் சாப்பாட்டுச் சாமானோடு ஏறுவார். மற்றவர்கள் சிரிப்பார்களாம். "வழியில் சாப்பிட்டுக்கொள்கிறோம்!" பேருந்து போகிறது. ஓர் ஓட்டல், கறுப்பருக்கு இடமில்லை. அடுத்த ஓட்டல், இடமில்லை. இப்போது எல்லோர் கண்ணும் பர்க்கின் இருக்கை மேல். அவர் சாண்ட்விச்சை எடுக்கிறார். விலை சொல்கிறார். இன்னும் ஐம்பது மைல் போனதும் மறுபடி கேட்கிறார்கள். விலை ஏறிவிட்டது! இன்னும் நூறு மைல்? அதை என்னிடம் கேட்காதீர்கள், பசித்தவரிடம் கேளுங்கள்!

சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் முந்தின இரவு மேடையில் கைதட்டல் வாங்கியவர்கள். மறுநாள் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. அந்தப் பசியெல்லாம் நாற்பது வருஷம் ஊறிய குரல் ஐயா அது!

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் கொடுங்கள். உடம்பு பெருத்து நிற்க முடியாமல் போனபோது சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். 2010 அக்டோபர் 10 அன்று, கச்சேரிக்காக ஆம்ஸ்டர்டாம் போனவர் விமான நிலையத்திலேயே உயிர் விட்டார். கடைசிப் பயணமும் பாடப் போன பயணம்தான்.

என் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. படுக்கையில் இருந்த நாட்களில் ஒருநாள் அந்தத் தலைப்புப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "யாருடா இது, இப்படிக் கெஞ்சுகிறான்?" என்றார். என்னைக் கைவிட்டுவிடாதே என்கிறார் அப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு" என்றார். நடுவரே, என் அப்பாவுக்கு டிலனையும் தெரியாது, கிராமியையும் தெரியாது.