பெரியம்மா வீட்டுக்கு வந்த விருந்தாளி: ஸ்பைடர்மேன் அனிமேஷன் தொடர், முதல் பார்வை

(திரையில்: கடலூர் மஞ்சக்குப்பம், சாயங்காலம். ஹாலில் டிவி ஓடுகிறது.)

வணக்கம். போன சனிக்கிழமை அக்கா மகனும் நானும் 'யுவர் ஃப்ரெண்ட்லி நெய்பர்ஹுட் ஸ்பைடர்மேன்' பார்க்க உட்கார்ந்தோம். முதல் எபிசோட் முடியும் நேரம். ஸ்பைடர்மேனாக மாறிய பையன் பீட்டர் பார்க்கர் வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே அவனை வளர்க்கும் மே ஆன்ட்டியோடு ஒரு பெரிய பணக்காரர் இருக்கிறார். பையன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "மாமா, அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்தானே வரணும்? இவர் யாரு?"

அவர் நார்மன் ஆஸ்போர்ன் என்றேன். "அந்த கிரீன் காப்ளினா?" என்றவனுக்குக் குரல் அப்படியே இறங்கிவிட்டது. பழைய கதைகளில் ஸ்பைடர்மேனுக்குப் பெரிய வில்லனே அவர்தான்.

இந்தத் தொடர் எனக்கு ஏன் பிடித்தது என்பதற்குப் பதில் அந்த இறங்கிய குரலில்தான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் விவரம். 2025 ஜனவரி 29 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் வெளிவந்தது. முதல் சீசனில் 10 எபிசோட். உருவாக்கியவர் ஜெஃப் டிராம்மெல். நான் இதுவரை நான்கு எபிசோட்தான் பார்த்திருக்கிறேன், அதனால் பின்னால் வருவதைச் சொல்லிவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம்.

(திரையில்: 1962 காமிக்ஸ் அட்டை, பக்கத்திலேயே புதுத் தொடரின் முதல் காட்சி.)

1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய கதையில், ஒரு அறிவியல் கண்காட்சியில் கதிர்வீச்சு ஏறிய சிலந்தி பீட்டரைக் கடிக்கும். இங்கே அப்படி இல்லை. பீட்டர் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முதல் நாள். வானத்தில் ஒரு வாசல் திறக்கிறது, மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் ஒரு பயங்கர ஜந்துவோடு சண்டை போட்டுக்கொண்டு அதிலிருந்து விழுகிறார், அவர்களோடு சேர்ந்து அந்தச் சிலந்தியும் வருகிறது. பள்ளிக்கூடம் பாழாகிவிட, பீட்டர் வேறு சாதாரணப் பள்ளியில் சேர வேண்டியதாகிறது. பீட்டரை வளர்த்த பென் இறந்துபோனதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். அதை இன்னொரு தடவை காட்டாமல், அது நடந்து முடிந்த பிறகே கதையைத் தொடங்கியது நல்ல முடிவு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் அங்கிள் பென், ஆன்ட் மே. ஆனால் பென் பீட்டருடைய அப்பாவுக்கு அண்ணன். நம் வீட்டுக் கணக்கில் பெரியப்பா, பெரியம்மா. அந்தச் சொற்களை வைத்துப் பார்த்தால் அந்த வீடு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அப்பா இடத்தில் இருந்தவர் போய்விட்டார், அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கேதான் நார்மன் வந்து நிற்கிறார்.

2016இல் வந்த சினிமாவில் இதே மாதிரி பீட்டர் வீட்டுக்கு வந்தவர் டோனி ஸ்டார்க். அங்கே நமக்கு நிம்மதி. இங்கே அதே காட்சி, ஆள் மட்டும் வேறு. நார்மன் மிரட்டுவதில்லை. அவருக்குப் பேசியிருக்கும் கோல்மன் டொமிங்கோவின் குரல் அவ்வளவு கனிவாக இருக்கிறது. வேலை தருகிறார், சொல்லிக்கொடுக்கிறார், பையன் செய்ததைப் பாராட்டுகிறார். ஒவ்வொரு பாராட்டுக்கும் பீட்டர் முகம் மலர்கிறது, நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு பக்கம் லானி லிங்கன். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் நட்சத்திரம், படிப்பிலும் கெட்டி, எல்லோரிடமும் மரியாதை. 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அடிபம்பில் தண்ணீர் அடித்து, வயசானவர்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார் ஒரு அண்ணன். அப்போது அவருக்குப் பதினாறு வயது இருக்கும். லானியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அப்படிப்பட்ட பையன் தம்பியைக் காப்பாற்றுவதற்காக ஒரு ரவுடி கும்பலில் சேர வேண்டி வருகிறது. பீட்டருக்குக் கை கொடுக்க ஒரு கோடீஸ்வரர் வந்தார். லானிக்கு வந்தது அந்தக் கும்பல். இரண்டு பையன்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் இடங்களில்தான் இந்தத் தொடர் உண்மையிலேயே உயர்ந்து நிற்கிறது.

(திரையில்: பீட்டரின் முகம், நிறுத்தி வைத்த படம். தாடை வரை பெரிதாகிறது.)

சரி, படத்துக்கு வருவோம். இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கன்னத்தில் வெளிச்சம், தாடைக்குக் கீழே நிழல். இரண்டுக்கும் நடுவில் பிளேடால் வெட்டியது போல ஒரு கோடு. இதற்கு செல் ஷேடிங் என்று பெயர். உருவம் கம்ப்யூட்டரில் செய்த முப்பரிமாண பொம்மைதான். சாதாரணமாக வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நிழலாகும். இங்கே அதை இரண்டு மூன்று படிகளாக வெட்டிவிட்டு, ஓரத்தில் மை போட்ட மாதிரி கறுப்புக் கோடு இழுக்கிறார்கள்.

ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கடை போர்டில் எழுத்துக்கு நிழல் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு எழுத்து, அதன் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கறுப்பு. நடுவில் குழைப்பதே கிடையாது. ஆனாலும் எழுத்து பலகையை விட்டு எழுந்து நிற்கும். அதே வித்தைதான். டிட்கோ, ஜான் ரொமிட்டா சீனியர் ஆகிய ஓவியர்களின் பழைய காமிக்ஸ் பக்கம் அசைவது போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது. டைட்டில் பாட்டும் 1967 கார்ட்டூன் பாட்டைப் புதுசாக்கியதுதான்.

ஆனால் அசைவு எல்லா இடத்திலும் ஒட்டவில்லை. வலையைப் பிடித்துக் கட்டடங்களுக்கு நடுவே ஆடும்போது அருமை. பள்ளிக்கூட வராண்டாவில் நடக்கும்போது கையும் தோளும் மரப்பாச்சி மாதிரி விறைத்துவிடுகின்றன. பேசிக்கொண்டே நடக்கும் காட்சிகளில் இது என்னை ரொம்பவே உறுத்தியது. முகங்களுக்குக் கொடுத்த கவனத்தை நடைக்கும் கொடுத்திருக்கலாம்.

(திரையில்: நார்மன் புது உடையைக் காட்டும் காட்சி.)

அப்புறம் இந்தக் காட்சி. பீட்டர் அதுவரை போட்டிருந்தது அவனே செய்துகொண்ட உடை. நார்மன் அவனுக்காகவே செய்யச் சொன்ன உடையைக் காட்டுகிறார். பீட்டருக்குக் கண் விரிகிறது. பக்கத்தில் அக்கா மகன் முறுக்குக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு டிவியைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "வாங்காதடா."