ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒன்றரை மில்லி ஆறு

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"உலகில் 97 விழுக்காடு உப்புநீர், 3 விழுக்காடு நன்னீர்." இந்த வரியைப் பள்ளியில் படித்தோம், தேர்வில் எழுதினோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். இன்று அந்த ஒரு வரியோடு வழக்காடத்தான் வந்திருக்கிறேன். வரி பொய்யில்லை. ஆனால் இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல், நடுவே ஒரு சுவர் என்று ஒரு படத்தை அது மனத்தில் வரைந்துவிடுகிறது. அந்தப் படத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். பூமியில் உள்ள மொத்த நீர் ஏறக்குறைய 138 கோடியே 60 இலட்சம் கன கிலோமீட்டர். ரஷ்ய நீரியலாளர் இகோர் ஷிக்லோமனோவ் 1993இல் வெளியிட்ட கணக்கு இது. இன்றும் பெரும்பாலோர் எடுத்தாள்வது இதைத்தான். இந்த எண்ணைக் கேட்டு நமக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை. அதனால் சுருக்கிவிடுவோம். உலகத்து நீர் முழுவதையும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றில் ஊற்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆயிரத்தில் 965 லிட்டர் கடல். நிலத்துக்கு அடியில் இருக்கும் உவர்நீர் இன்னொரு 9 லிட்டருக்குச் சற்று மேல். இந்தக் கடலில் கரைந்திருக்கும் உப்பை மட்டும் பிரித்து எடை போட்டால் 34 கிலோ வரும். நன்னீர் எவ்வளவு? 25 லிட்டர். பரவாயில்லையே என்று தோன்றும். பொறுங்கள். அதில் 17 லிட்டருக்கு மேல் பனிக்கட்டி. உலகப் பனிக்கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு அண்டார்க்டிகாவில் கிடக்கிறது. ஏழரை லிட்டர் நிலத்தடி நீர். மிச்சம் சுமார் 300 மில்லி. அதிலும் 200 மில்லிக்கு மேல் துருவப் பகுதிகளின் உறைநிலத்தில் மண்ணோடு மண்ணாக இறுகிக் கிடக்கிறது.

நன்னீர் ஏரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 66 மில்லி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சைபீரியாவின் பைக்கால் என்ற ஒரே ஏரிக்குள் அடங்கிவிடுகிறது. 1,642 மீட்டர் ஆழமுள்ள ஏரி அது. மண்ணின் ஈரம் 12 மில்லி. காற்றில் இருக்கும் நீராவியும் மேகமும் 9 மில்லி. ஆறுகள்? உலகத்து ஆறுகள் அத்தனையையும் ஒரே நொடியில் நிறுத்தி அள்ளினால் ஒன்றரை மில்லி. முப்பது சொட்டு. கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக் குப்பியில்கூட இதைவிட அதிகம் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏரிகளில் உப்பேரிகள் என்று ஒரு வகை உண்டு. காஸ்பியன்தான் அவற்றில் பெரியது. தனியொன்றாகவே உப்பேரி நீரின் பெரும்பகுதியை அது பிடித்து வைத்திருக்கிறது. நம் தொட்டியில் உப்பேரிகளின் பங்கு 62 மில்லி. நன்னீர் ஏரி 66, உப்பேரி 62! மொத்த நீரில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு, ஏரிகளிலோ ஏறத்தாழச் சரிபாதி. காரணம் எளிது. வெளியேற வழியுள்ள ஏரி உப்பை ஆற்றோடு அனுப்பிவிடுகிறது. வழியில்லாத ஏரியில் நீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. வழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலும் வெளியேற வழியில்லாத ஓர் ஏரிதான்.

இப்போது உங்களில் யாராவது கேட்கலாம்: ஆறு நன்னீர், அது கொண்டுபோய்ச் சேர்க்கும் கடல் எப்படி உப்பாயிற்று? ஆற்றிலும் உப்பு உண்டு. நாக்குக்குத்தான் தெரிவதில்லை. மழை விழும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது, பாறையை அரிக்கிறது, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கனிமங்களைச் சுமந்து கடலுக்குப் போகிறது. கடலில் அது லிட்டருக்கு 35 கிராம் ஆகிவிடுகிறது. சுண்ணத்தைச் சிப்பியும் பவளமும் ஓடு கட்ட எடுத்துக்கொள்கின்றன. சோடியத்தை எடுத்துப்போக அவ்வளவு ஆளில்லை. அது தேங்குகிறது.

இதை வைத்தே பூமியின் வயதைக் கணக்கிடலாம் என்று ஒருவர் கிளம்பினார். அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஜோலி, 1899ஆம் ஆண்டு. கடலில் உள்ள மொத்த சோடியத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தார். விடை எட்டு முதல் ஒன்பது கோடி ஆண்டு. பூமியின் வயதோ 450 கோடிக்கு மேல். எங்கே பிசகியது? வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாமல் விட்டுவிட்டார். வற்றிப்போன பழைய கடல்கள் தம் உப்பை நிலத்துக்கு அடியில் பாளம் பாளமாக விட்டுச் சென்றிருக்கின்றன. களிமண் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. அலைத்தூவலில் கொஞ்சம் கரையேறுகிறது. ஜோலியின் தவறு எனக்கு மிகவும் பிடித்த தவறு. இருப்பை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை அவ்வளவு அழகாகக் காட்டுகிறது. நாமும் அந்த 97க்கு 3 வரியில் அதே தவறைத்தான் செய்கிறோம்.

ஏன் என்கிறேன் என்றால், ஆண்டுதோறும் கடலிலிருந்து நான்கு இலட்சம் கன கிலோமீட்டருக்கு மேல் நீர் ஆவியாக எழுகிறது. நம் தொட்டியில் அது 300 மில்லிக்குக் குறையாது. ஒரே ஆண்டில்! எழும்போது உப்பைக் கீழேயே விட்டுவிட்டு எழுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு மறுபடி கடலிலேயே மழையாக விழுந்து உப்பாகிவிடுகிறது. மீதி ஒரு பங்கு, சுமார் 30 மில்லி, காற்றோடு நிலத்துக்கு வந்து, பொழிந்து, ஆறாகி, திரும்புகிறது. ஆற்றின் இருப்பு ஒன்றரை மில்லி என்றேன். அந்த ஒன்றரை மில்லி வழியாக ஆண்டுக்கு 30 மில்லி ஓடுகிறது. அதாவது உலகத்து ஆறுகள் ஆண்டுக்கு இருபது முறை முழுவதுமாகப் புது நீராக மாறுகின்றன. வானத்து நீராவி பத்து நாளைக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. கடலில் ஒரு துளி நுழைந்தால் மறுபடி மேலெழச் சராசரியாக மூவாயிரம் ஆண்டு ஆகும்.

ஆக, ஆற்றில் இன்று ஓடும் நீர் போன மாதம் பெரும்பாலும் கடலிலோ வானிலோ மண்ணிலோ இருந்த நீர். நன்னீர் என்று நாம் பெயரிட்டு வைத்திருப்பது, உப்புநீர் தன் நெடும்பயணத்தில் சில நாள் உப்பை இறக்கி வைத்திருக்கும் நிலையை. நம் மொழியில் கடலுக்கு முந்நீர் என்று ஒரு பெயர் உண்டு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்ந்தது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வேறு விளக்கமும் உண்டு, புலவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள்: மூன்றும் நன்னீர், சேர்ந்த இடமோ உப்பு.

போகிற போக்கில் ஒரு செய்தி. உலகத்து மீன் இனங்களில் சுமார் பாதி நன்னீரில் வாழ்பவை. 965 லிட்டரில் ஒரு பாதி, 70 மில்லிக்கும் குறைவான இடத்தில் மறுபாதி. ஒவ்வோர் ஏரியும் ஆறும் தனித் தீவாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் தனி இனங்கள் உருவாகிவிட்டன.

நிலத்தடி நீருக்கு வருகிறேன். இங்கேதான் உப்புநீரும் நன்னீரும் நேருக்கு நேர் நிற்கின்றன. கடலோர நிலத்தடியில் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. நன்னீர் எடை குறைவு என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் கனம் அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து ஒரு பெரிய கணக்கு பிறக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழம் வரை அது உப்பை அழுத்திப் பிடித்துவைக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு டச்சுப் பொறியாளரும், பிறகு ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டது இது. இதைத் திருப்பிப் படியுங்கள். மேலே ஒரு மீட்டரை நாம் இறைத்துவிட்டால், கீழே உப்பு நாற்பது மீட்டர் மேலேறும். உடனே ஏறாது, மெல்ல ஏறும். கிணறு உவர்த்த பிறகு கடல் உள்ளே புகுந்துவிட்டது என்கிறோம். அழுத்திக்கொண்டிருந்த கையை எடுத்தவர்கள் நாம்.

பேச்சின் நடுவே ஒரு தம்பி துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டனவே, பிறகென்ன கவலை?" நல்ல கேள்வி. கடல்நீரை அப்படியே குடிக்க முடியாது. அதன் உப்பு மூன்றரை விழுக்காடு, நம் சிறுநீரகம் வெளியேற்றக்கூடிய செறிவு இரண்டு விழுக்காடு அளவுதான். ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். எனவே ஆலை வேண்டும். மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே பெரும் அழுத்தத்தில் நீரைத் தள்ளுகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. உள்ளே போனதில் ஏறத்தாழப் பாதி நன்னீராக வரும். மறுபாதி இருமடங்கு உப்போடு மீண்டும் கடலுக்கே போகும். தேவையான இடத்தில் ஆலை கட்டட்டும், நான் எதிரியல்ல.

ஆனால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாமே. அதே ஆயிரம் லிட்டரைச் சூரியன் ஆவியாக்கி மேலே தூக்க ஏறத்தாழ 680 யூனிட் ஆற்றலைச் செலவிடுகிறது. நம் ஆலையைப் போல இருநூறு மடங்கு. சிக்கனமே தெரியாத முறை. ஆனால் தம்பி, ரசீது நமக்கு வருவதில்லை. அதோடு, ஆலை நீர் கடல்மட்டத்தில் கிடைக்கும்; மேட்டுக்கு ஏற்றுவது தனிச் செலவு. மழை மலையுச்சியில் கொண்டுவந்து கொடுக்கிறது, அங்கிருந்து நீர் தானே இறங்கி வருகிறது. அடுத்த சீட்டு இருந்தால் அனுப்புங்கள்.