பன்னிரண்டு வயதில் கண்டதை வரைந்தவள்

வணக்கம் நண்பர்களே. யூத இனப்படுகொலை என்றதும் அறுபது லட்சம் பேர் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறோம். அவ்வளவு பெரிய எண் எனக்குப் பிடிபடுவதே இல்லை. அதனால் இன்று ஒரே ஒரு சிறுமியின் படங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஹெல்கா வைஸோவா, பிராக் நகரத்துப் பெண், 1929இல் பிறந்தவள்.

1941 டிசம்பரில் பெற்றோருடன் அவளை, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் கெட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். வயது பன்னிரண்டு. மூட்டையில் வண்ணப்பெட்டியும் வரைதாளும் இருந்தன. ஆண்களுக்குத் தனிக் கட்டடம் என்பதால், பனிமனிதன் செய்து விளையாடும் இரண்டு குழந்தைகளை வரைந்து, காவலுக்குத் தெரியாமல் அப்பாவுக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: 'நீ பார்ப்பதை வரை.'

மகளைத் தேற்ற அழகாக நாலு வார்த்தை எழுதாமல் இப்படி எழுத ஒரு தகப்பனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவளும் வரைந்தாள், சுமார் நூறு படங்கள். ஒன்றில் ரொட்டி வருகிறது, பிணவண்டியில். அதை இழுப்பவர்கள் மனிதர்கள். டெரெசினில் பிணம், ரொட்டி, மூட்டைமுடிச்சு, நடக்க முடியாத கிழவர்கள் என எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். அதை அவள் அதிசயமாக வரையவில்லை. பழகிப்போன தெருக்காட்சியாகத்தான் வரைந்திருக்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தது. அதற்காகச் சுவருக்கு வண்ணம் பூசினார்கள், பொய்க் கடைகள் திறந்தார்கள். நெரிசல் தெரியக்கூடாதென்று மே மாதமே ஏறத்தாழ 7,500 பேரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களும் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னொரு படம் தோழியின் பதினான்காவது பிறந்தநாளுக்கு வரைந்தது. மூன்று காட்சிகள். 1929: பிரசவ விடுதியில் இரண்டு சிசுக்கள். 1943: முகாமின் அடுக்குக் கட்டிலில் இரண்டு சிறுமிகள். 1957: பிராக் தெருவில் குழந்தை வண்டி தள்ளிப்போகும் இரண்டு இளம் தாய்மார்கள். அப்பா சொன்னதை மீறி, காணாத ஒன்றை அவள் வரைந்தது அந்த மூன்றாவது காட்சியில். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தோழி ஆஷ்விட்ஸில் இறந்துவிட்டாள்.

1944 அக்டோபரில் முதலில் அப்பாவை ஏற்றிச் சென்றார்கள். அவர் திரும்பவே இல்லை. சில நாட்களில் ஹெல்காவும் அம்மாவும் ஆஷ்விட்ஸ், பிறகு ஃபிரைபர்க், கடைசியில் மௌத்தவுசன். 1945 மே 5 அன்று அங்கேதான் விடுதலை. டெரெசினுக்குப் பின் வந்த முகாம்களில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. அந்த மாதங்களை அவள் போர் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் நினைவிலிருந்து எழுதினாள். ஆனால் எழுதும்போதும் 'நிற்கிறோம்', 'நடக்கிறோம்' என்று நிகழ்காலத்திலேயே எழுதியிருக்கிறாள்.

டெரெசின் படங்கள் பிழைத்தது மாமா யோசெப் போலாக்கின் புண்ணியம். அங்கே அலுவலகப் பதிவேடுகளைப் பார்த்துவந்தவர் அவர். அங்கே அவள் எழுதிவந்த நாட்குறிப்பையும் படங்களையும் கெட்டோவின் மாக்டெபர்க் கட்டடத்துச் சுவருக்குள் வைத்துச் செங்கல்லால் அடைத்துவிட்டார். போருக்குப் பின் சுவரை உடைத்து எடுத்தார்கள்.

ஹெல்கா பிறகு பிராகில் எமில் ஃபில்லாவிடம் ஓவியம் பயின்றார். அந்த ஆசிரியரும் புகன்வால்ட் முகாமிலிருந்து மீண்டவர். அவரைப் பற்றி அடுத்த காணொளியில் பேசுகிறேன்.