தரவுப் பொதிக்கு வழி சொல்வது யார்?

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு மாணவி கைப்பேசியில் பார்க்கும் இணையவழிப் பாடம், பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத சிறுசிறு பொதிகளாகப் பிரிந்தே அவளிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பகுதியிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் உண்டு. செல்ல வேண்டிய வழி அதில் எழுதப்பட்டிருப்பதில்லை. இடையில் நின்று பொதிகளை வழியனுப்பும் கருவியான ரவுட்டர் ஒவ்வொன்றும் பெறுநர் முகவரியைத் தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, அடுத்து எந்த ரவுட்டரிடம் கொடுப்பது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. அட்டவணையில் முகவரிகள் தொகுதிகளாகவே இருக்கும்; பல தொகுதிகள் பொருந்தினால் மிகக் குறுகிய தொகுதிக்கான வழியே வெல்லும்.

அந்த அட்டவணை எப்படி நிரம்புகிறது என்பதே இத்துறையின் சுவையான கேள்வி என்று நான் கருதுகிறேன். கனமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நீரில் மூழ்கி மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தி ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்கு வாய்வழியாகப் பரவலாம். அல்லது எல்லாச் சந்திப்புகளிலும் வட்டாரத்தின் முழு வரைபடமும் இருந்து, மூடப்பட்ட சாலை எல்லா வரைபடங்களிலும் உடனே குறிக்கப்படலாம். ரவுட்டர்களிடம் இந்த இரண்டு முறைகளும் உண்டு.

முதல் முறையைச் சேர்ந்த ரிப் என்னும் நெறிமுறையில், அதாவது ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறையில், ஒவ்வொரு ரவுட்டரும் 30 வினாடிக்கு ஒருமுறை தன் அண்டை ரவுட்டர்களிடம், எந்த வலையமைப்பு தன்னிடமிருந்து எத்தனை தாவல் தொலைவில் உள்ளது என்று சொல்கிறது. ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்த ரவுட்டருக்குப் போவதே ஒரு தாவல். இணைப்பு ஒன்று அறுந்தால் இதில் ஆபத்து நேரும்: வழியை இழந்த ரவுட்டர், தன்னை நம்பியிருந்த அண்டை ரவுட்டரின் பழைய செய்தியை நம்பிவிட, இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு தொலைவை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். இதற்கு எல்லை கட்டவே 15 தாவல்களே உச்சம் என்றும், 16 என்றால் வழியே இல்லை என்றும் அதில் விதிக்கப்பட்டது.

இரண்டாவது முறையைச் சேர்ந்தது ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறை. இங்கே ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளின் நிலையைத் தன் பகுதியிலுள்ள அனைத்து ரவுட்டர்களுக்கும் அறிவிக்க, எல்லோரிடமும் ஒரே வரைபடம் உருவாகிறது. அதில் குறைந்த செலவுள்ள வழியை ஒவ்வொன்றும் தானே கணக்கிடுகிறது. அந்தக் கணக்கீட்டை நெதர்லாந்து அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1956-இல் ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் நகருக்குக் குறுகிய வழி எது என்ற கேள்வியை வைத்து உருவாக்கி, 1959-இல் வெளியிட்டார். வேகமான இணைப்புக்குச் செலவு குறைவாக மதிப்பிடப்படுவதால், மெதுவான ஒரே தாவலைவிட வேகமான இரண்டு தாவல்கள் தேர்ந்தெடுக்கப்படலாம்.

இவை ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நடப்பவை. நிறுவனங்களுக்கிடையே 1989-இல் வந்த பி.ஜி.பி. என்னும் நெறிமுறை ஆள்கிறது. அங்கே தொலைவுக்கு முன்னால் வணிக ஒப்பந்தம் நிற்கிறது. தனக்குப் பணம் தரும் வாடிக்கையாளர் வழியை முதலிலும், கட்டணமின்றிப் பரிமாறிக்கொள்ளும் சமநிலை வலையமைப்பின் வழியை அடுத்தும், தான் பணம் கொடுக்க வேண்டிய பெரிய நிறுவனத்தின் வழியைக் கடைசியிலும் வைப்பதே பொதுவான வழக்கம். ஆகவே ராயபுரத்தில் ஒரு வீடும் பெரம்பூரில் ஒரு வீடும் இருவேறு இணைய நிறுவனங்களின் இணைப்பில் இருந்து, அந்நிறுவனங்கள் சென்னையில் ஒன்றையொன்று சந்திக்காவிட்டால், பொதி மும்பை வரை போய்த் திரும்பக்கூடும். ஒளியிழையில் 1,000 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 5 மில்லிவினாடி ஆகும். பக்கத்துப் பேட்டைக்குப் போகும் பொதி வீணாகப் போக இரண்டாயிரம் கிலோமீட்டரும், அதற்கான பதில் அதே அளவும் சுற்றினால் ஏறத்தாழ 20 மில்லிவினாடி கூடுகிறது. இந்தியாவுக்குள் செல்லும் பொதி வெளிநாடு சென்று திரும்பும் நிலையைக் குறைக்கவே 2003-இல் நிக்சி என்னும் இணையப் பரிமாற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதன் மையம் உண்டு. எல்லா நிறுவனங்களும், சிறியவையும்கூட, உள்ளூரிலேயே சந்தித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழிகளை நேயர்களே பார்க்கலாம். ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. ரவுட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்க, எண் பூஜ்யமானதும் பொதி கைவிடப்பட்டு, அனுப்பியவருக்குத் தகவல் போகிறது. டிரேஸ்ரூட் என்னும் கட்டளை, ஆயுள் எண்ணை 1, 2, 3 என்று உயர்த்தி அனுப்பி, பதில் சொல்லும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டுகிறது. முதல் வரியில் பொதுவாக உங்கள் வீட்டு ரவுட்டர் தெரியும். இடையில் நட்சத்திரக் குறிகள் வந்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். பதில் அளிக்காதபடி அமைக்கப்பட்ட ரவுட்டராகவும் அது இருக்கலாம். திரும்பி வரும் பொதி வேறு வழியில் வரக்கூடும் என்பதால், அந்தப் பட்டியல் போகும் வழியை மட்டுமே காட்டும்.